பால் கணக்கு

பதினோரு வருஷம் அவளுக்கு நாக்காக இருந்தேன்.
மாசம் முப்பது வெள்ளி.
மழைக்காலத்துக்கு ஒரு குடை.

லேடி ஹோனோரா டெல்விக்.
பிரபு வீட்டுப் பெண். பெயருக்கு முன்னால் வருகிற
அந்தப் பட்டத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
லயத்துப் பெண்கள் 'லேடியம்மா' என்றார்கள்.
ஒரு நாளும் அவள் திருத்தவில்லை.

நார்தாம் ரோட்டில் கடலைப் பார்த்த பங்களா.
ஜன்னல்கள் நிறைய. பிள்ளை இல்லை.
இருந்த ஒன்றைப் பற்றிப் பேசமாட்டாள்.
தராசில் குழந்தையைக் கிடத்துமுன்
தட்டை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச்
சூடாக்குவாள்.

சனிக்கிழமை பெரி ஏறிப் பிறைக்கு.
பெட்டி பெட்டியாய் டின் பால், ஈயச் செம்பு,
ஆறவைத்த வெந்நீர்,
பச்சை அட்டை போட்ட நோட்டு.
தோட்டத்தில் பால்மரங்கள்
ஆளுக்கொரு மங்கைக் கட்டிக்கொண்டு
வரிசையில் நிற்கும்.
அதற்குக் கீழே இன்னொரு வரிசை,
இடுப்பில் பிள்ளையோடு.

காத்தாயி.
பிள்ளைக்கு மூன்று மாசம், ஏழு பவுண்டு.
டின்னைக் கையில் வாங்காமலே சொன்னாள்:
"அஞ்சு மணிக்குப் பெரட்டு.
பத்து மணிக்கெல்லாம் மாரு கட்டிக்கிட்டு வலிக்கும்.
மண்ணுல பீச்சிட்டுத் திரும்ப வெட்டப் போவேன்.
உங்க மரத்துக்குப் பால் வத்தல,
எனக்கு வத்திருச்சி.
இப்ப டப்பாவுல அளந்து குடுக்குறியாக்கும்.
நல்லா இருப்ப தாயே, நல்லா இருப்ப."

"என்ன சொல்கிறாள், செபமாலை?"

தோட்டத்துப் பலகையில் இருந்த கம்பெனிப் பெயர்தான்
என் சம்பள உறையிலும் இருந்தது.
கடைசிச் சொற்களை மட்டும் பொறுக்கினேன்.
"நீங்கள் நன்றாக இருக்க வேண்டுமாம், மேடம்."
பொய் இல்லை.
லைட் ஸ்திரீட் கான்வென்டில் படித்தவள் நான்,
பொய் சொல்லமாட்டேன்.

அவள் குனிந்து நோட்டில் எழுதினாள்.
எடை எழுதுகிறாள் என்று நினைத்தேன்.

டிசம்பரில் குண்டு விழுந்தது.
சூலியா ஸ்திரீட்டில் பிணங்களை எடுக்க ஆளில்லை.
வெள்ளைக்காரர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு
ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பல் போயிற்று.
அவள் போகமாட்டாள் என்று
என்னோடேயே பந்தயம் கட்டியிருந்தேன்.
போனாள்.

விடிந்தபோது என் வாசலில்
கிடங்குச் சாவி, தராசு, அந்தப் பச்சை நோட்டு.

இடப் பக்கம் எடை, தேதி, ஆங்கிலத்தில்.
வலப் பக்கம் தமிழ்.
புள்ளி வைக்காத எழுத்து, 'ழ' எல்லாம் 'ல'வாகி,
கொம்பு எந்தப் பக்கமென்று தெரியாமல் தவித்து.
'மண்ணூல பிசசிடடு'
'டபபாவூல அளநது'
வாரா வாரம். பதினோரு வருஷம்.
நான் விழுங்கியதெல்லாம் அங்கே செரிக்காமல் கிடந்தது.
'நலலா இருபப' என்பதற்குக் கீழே மட்டும்
இரண்டு கோடு.

எங்கே கற்றாள்? யாரிடம்? தெரியாது.
என் மொழிபெயர்ப்பைக் கேட்டு
ஒவ்வொரு தடவையும் "நன்றி சொல்" என்றாளே,
அது யாருக்கு?

கடைசிப் பக்கத்தில் வேறு கணக்கு.
அரையாண்டுக்கு வந்த பங்குப் பணம் ஒரு பக்கம்,
வாங்கிய பால் மறு பக்கம்.
ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
பெரட்டை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லி
மானேஜருக்கு ஒரு கடிதம் எழுதினாளா?
நகல் எதுவும் நோட்டில் இல்லை.
நானும் எழுதவில்லை.
எனக்கு இரண்டு மொழியும் நன்றாகவே வரும்.

அந்தச் சனிக்கிழமை பெரி ஓடவில்லை.
எங்கள் சந்திலேயே பெட்டியை உடைத்தேன்.
கூட்டத்தில் ஒருத்தி,
புருஷனைத் துறைமுகத்தில் தேடிவிட்டு வந்தவள்,
பிள்ளையை நீட்டாமல் கேட்டாள்:
"இது யாரு குடுக்குற பாலு?"

பழக்க தோஷம்.
அதைச் சொல்வதற்கு
வலப் பக்கம் திரும்பினேன்.