நான்காவது தெரு குடியிருப்போர் நலச்சங்கம்

வில்லாபுரம் நான்காவது தெருவில்
எட்டு வருஷமாய்ப் பேசிக்கொள்ளாத இரண்டு வீடுகள்
சோணைமுத்து பிடிபட்ட ராத்திரி பேசிக்கொண்டன.
கயிறு ஒரு வீட்டுக் கொடியிலிருந்து வந்தது.
முடிச்சு எதிர்வீட்டுக்காரர் போட்டது.

அவன் எடுத்தது ஒரு தண்ணி மோட்டார்,
அரை ஹெச்.பி., அதுவும் ஓடாதது.
மின்கம்பத்தோடு அவனைக் கட்டிவிட்டு
போலீஸ் வரும்வரை நின்றோம்.
யாரோ சுக்குமல்லிக் காபி வாங்கி வந்தார்கள்.
கண்டக்டர் கதிர்வேலுவின் மகள் பெயர்
சுகப்பிரியா என்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
மாரியம்மன் பொங்கலுக்குக்கூட
இத்தனை நெருக்கி நின்றதில்லை நாங்கள்.
அவனுக்கும் ஒரு டம்ளர் புகட்டினார்கள்,
கையை அவிழ்க்காமல்.

கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவன் நான்.
புகாரையும் நானே அடித்தேன், மூன்று நகல்.
'சமூக விரோதி' என்று வக்கீல் சொன்ன இடத்தில்
விரல் ஒரு நொடி நின்றது:
அந்த ராத்திரிக்கு முன்னால்
எங்களிடம் சமூகம் என்று என்ன இருந்தது?

அவன் அரசரடி ஜெயிலுக்குப் போனான்.
பூட்டுக்கடைக்காரர் ஒரு வாரம் சிரித்த முகமாய் இருந்தார்.
கேமரா வந்தது, சங்கம் வந்தது,
சங்கத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் வந்தது.
ரெங்கபாஷ்யம் பொருளாளர்.
கரண்ட் மீட்டரில் காந்தம் வைத்திருப்பவர்;
அதற்கு எங்கள் தெருவில்
சாமர்த்தியம் என்று பெயர்.

பிறகு மூன்று மாதம் எதுவும் தொலையவில்லை.
அதுதான் கஷ்டமாகிப் போச்சு.
கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள், அப்புறம் நாலு,
அப்புறம் நானும் ஸ்டாம்பும்.
அந்த இரண்டு வீடுகளும்
குப்பைத்தொட்டியை முன்னிட்டு
பழையபடி முகம் திருப்பிக்கொண்டன.
கேமரா மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தது
நாயை
பால்காரரை
பூனையை
பிறகு
பதினொன்றே முக்காலுக்கு
ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து
யாரோ ஒருவன் பைக்கில் கொண்டுவந்து விடும்
சுகப்பிரியாவை.

அந்த ஞாயிறு நாற்காலி போதவில்லை.
மொட்டைமாடியிலிருந்து பாய் கொண்டுவந்தார்கள்.
முகம் திருப்பிய வீடுகள் அடுத்தடுத்து உட்கார்ந்தன.
கதிர்வேலு மட்டும் ஓரமாய்
கம்பத்தில் சாய்ந்து நின்றார்.
தீர்மானத்தை என்னைத்தான் அடிக்கச் சொன்னார்கள்.
'நம் தெருவின் நற்பெயர் கருதி' என்று
ஆரம்பித்துக் கொடுத்தேன்.
அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை.

முக்கு டீக்கடையில் சோணைமுத்து,
ஜாமீனில் வந்திருந்தான்.
போகிற வருகிற ஒருத்தரும் அவனைப் பார்க்கவில்லை.
'என்னண்ணே, தெருவே கூடியிருக்கு...
இன்னைக்கு யாரு?' என்றான்.

டீக்கு
அவன்தான் காசு கொடுத்தான்.