கைமாறு

ஓஷ் நகரத்து மருத்துவமனையில்
குளிர்ந்த பசையைத் தடவி
என் வயிற்றுக்குள் பார்த்தாள் அந்தப் பெண்.
ஈரலின் வலப்பக்கம் கறுப்பாக ஒரு வட்டம்.
ஆரஞ்சுப் பழ அளவு என்றாள்.
அலாய் பள்ளத்தாக்கில் ஆரஞ்சு காய்ப்பதில்லை, என்றேன்.
சரி, குதிரைக்குட்டியின் குளம்பு என்று
வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கேட்டாள்:
வீட்டில் நாய் உண்டா?

என்ன கேள்வி.
நானூறு ஆடுகள்,
பனி இறங்கினால் கூடவே இறங்கும் ஓநாய்கள்,
நாய் இல்லாமல் யார் இருப்பார் எங்களூரில்?
பெயர் போய்னோக்.
கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம்.
மூன்று வருடம் முன்பு
புயலில் வழி தெரியாமல் நின்ற என்னை
முந்தானை நூலைப் பல்லில் பிடித்து
கூடாரம் வரை இழுத்து வந்தவன்.
அன்று முகமெல்லாம் நக்கினான்.
விறைத்திருந்த கன்னத்தில்
சூடாகப் பட்டது அவன் நாக்கு மட்டும்தான்.

அப்படியா, என்று எழுதிக்கொண்டாள்.

மருத்துவர் அக்பெர்மெத்
ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.
ஆடு. நாய். புல். கை. வாய்.
ஆட்டின் ஈரலில் நீர்க்கொப்புளம்,
அதைத் தின்ற நாயின் குடலில்
அரிசிமணி அளவுகூட இல்லாத புழுக்கள்,
அவன் கழிவில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள்.
நாய்க்கு ஒன்றும் செய்யாது.
இருமல்கூட வராது.

அப்போதுதான் நினைவு வந்தது.
ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும்
ஆடு அறுத்து, ஈரலைப் பிளந்து பார்ப்பேன்.
கொப்புளம் இருந்தால்
என் பிள்ளைக்கு வைக்கமாட்டேன்,
விருந்தாளிக்கு வைக்கமாட்டேன்.
அப்படியே வாசலுக்கு எறிவேன்.
தரையில் விழுமுன் கவ்விக்கொள்வான் போய்னோக்.

கைமாறு கருதாதது நாய் என்கிறோம்.
நான் கொடுத்ததைத்தான்
திருப்பிக் கொடுத்திருக்கிறான்,
ஈரலுக்கு ஈரல்.

ஏழு தையல். இருபது நாள்.
வீட்டுக்கு வந்தபோது
கொழுந்தன் குபத் துப்பாக்கியைத்
துடைத்துக்கொண்டிருந்தான்.
அண்ணி, நீங்கள் உள்ளே போங்கள்,
நான் ஆற்றுப் பக்கம் கூட்டிப்போகிறேன்.

முதலில் என்னைச் சுடு என்றேன்.
எறிந்தது யார் கை?

இப்போது அறுக்கிற இடத்தில்
இடுப்பளவு குழி. கெட்ட ஈரல் நெருப்புக்குப் போகிறது.
ஆறு வாரத்துக்கு ஒருமுறை
வால்கொழுப்பில் மாத்திரையைப் பொதிந்து நீட்டுகிறேன்.
கொழுப்பை விழுங்கி
மாத்திரையைத் துப்பிவிட்டு
வாலை ஆட்டுகிறான்.
மறுபடி பொதிகிறேன்.
இரண்டு நாள் கட்டிப்போட்டு
அவன் போட்டதையெல்லாம் அள்ளிப் புதைக்கிறேன்.
என்ன தப்பு செய்தேன் என்று
பார்க்கிறான், பாருங்கள்,
அதைத்தான் தாங்க முடியவில்லை.

சோப்பு தீர்ந்தால் சாம்பல்.
முற்றத்துப் பனியை உருக்கிக் குடிப்பதில்லை.

வியாழக்கிழமை எல்னாசரை
ஓஷுக்குக் கூட்டிப்போக வேண்டும்.
ஏழு வயது.
நடக்கப் பழகியதே
போய்னோக்கின் முதுகைப் பிடித்துத்தான்.
அந்தக் குளிர்ந்த பசை கூசுமா அம்மா என்று
நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.
கூசும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் கட்டு அவிழ்த்தேன்.
நேராக வந்து கையில் மூக்கை வைத்தான்.
பழக்கத்தில் விரிந்த உள்ளங்கையைச்
சட்டென்று மூடிக்கொண்டேன்.

மூடிய முஷ்டியை
விரல் விரலாக
நக்கிக்கொண்டிருந்தான்.