ஐம்பது சொற்களுக்குள்

ஒன்பதாம் பத்தி, பிரிவு ஆ:
ஒப்புதல் பெற்ற செலவுக்கும் செய்த செலவுக்கும்
வேறுபாடு இருப்பின் காரணம் கூறுக.
ஐம்பது சொற்களுக்குள்.

அம்மையீர்,
நான் பொருளாளர். கூட்டல் வரும், கழித்தல் வரும்.
உங்கள் அறக்கட்டளை தந்தது
பன்னிரண்டு தையல் மெஷினுக்கு.
டொங்காட் மண்டபத்தில் இருப்பது ஏழு.
வந்து எண்ணிப் பார்க்கலாம். ஏழுதான்.

மீதி ஐந்து
ஒரே ராத்திரியில் ரொட்டியாகிவிட்டது.
கொஞ்சம் மெழுகுவர்த்தி. ஒரு லாரி.

ஆறு பாலத்துக்கு மேலே போன அன்று
இரண்டாம் தவணைப் பணம் பிஸ்கட் டப்பாவில்
என் மடியில் இருந்தது,
மறுநாள் காலை மெஷின் கடையில் கட்டுவதற்கு.
செலவுச் சீட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும்
என்பது விதி. தெரியும்.
தலைவர் கிஸ்தன்சாமி கூரைமேல் இருந்தார்.
டப்பாவை உயர்த்திக் காட்டினேன்.
கையை ஆட்டினார்.
சரி என்றாரா, காப்பாற்று என்றாரா,
நான் அதைக் கையெழுத்தாக எடுத்துக்கொண்டேன்.

ரசீதுகள்:
இணைப்பு ஒன்று, பேக்கரி.
இணைப்பு இரண்டு, லாரிக்காரர் சிபுசிசோ
சிகரெட் அட்டையின் பின்னால் எழுதியது.
மழையில் மை கரைந்து
தொகையில் பூஜ்யங்கள் மட்டும் மிச்சம்.

பயனாளிகள் எத்தனை பேர் என்றொரு கட்டம்.
ஆட்களை எண்ணவில்லை, ரொட்டியை எண்ணினேன்:
அறுநூற்று நாற்பது.
ஒன்றை எத்தனை கை பிய்த்தது என்பது
இருட்டில் தெரியவில்லை.

ஐம்பது சொல் எப்போதோ தீர்ந்துவிட்டது.
இருந்தாலும் இதையும் எழுத வேண்டும்.

பட்டியலில் எட்டாவது பெயர் லோஷினி படையாச்சி.
பள்ளிச் சீருடைக்கு ஆர்டர் பிடித்து வைத்திருந்தாள்.
அது கைவிட்டுப் போயிற்று.
வியாழன்தோறும் மண்டபத்து வாசலில் நின்று கேட்கிறாள்:
"என் மெஷின் இப்போ
யார் வயித்துல ஓடுது, அண்ணே?"

அன்றிரவு முதல் வரிசையில்
ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு
கை நீட்டியவர்களில் அவளும் உண்டு.
அதை அவளிடம் நான் சொன்னதில்லை.
உங்களிடம் சொன்னதாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

தப்பு என்றால் தப்புத்தான்.
பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னால்
தவணை தாருங்கள்;
எனக்குச் சர்க்கரை மில்லில் சம்பளம்
மாதம் பதினைந்தாம் தேதி.
மன்னித்தால், அடுத்த ஆண்டு ஐந்து மெஷின் கேட்போம்.
முதலாவது யாருக்கு என்று
இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.

கீழே இரண்டு கையெழுத்து இருக்கிறது.
இரண்டாவது,
தலைவர் தரையில் நின்று போட்டது.