தவணை

புதுக்கடை, ஆறாம் இலக்க மன்று.
என் வரைபடத்தின் ஓரத்தை
மின்விசிறி தூக்கிக்கொண்டே இருக்கிறது.
"நிலத்துக்குள் இறங்கிப் பார்த்தீர்களா?"
தொழிற்சாலையின் சட்டத்தரணி சிரிக்கிறார்.

இல்லை.
வெல்லம்பிட்டி மணலில் ஒன்பது குழாய் இறக்கினேன்.
எதில் நீர்மட்டம் உயரம், எதில் தாழ்வு, அவ்வளவுதான்.
உயரத்திலிருந்து தாழ்வுக்கு;
வேறு வழி நீருக்குத் தெரியாது.

"நஸீஹாவின் கிணற்றில் பென்சீன் என்கிறீர்கள்.
பக்கத்துச் சோமலதாவின் கிணறு சுத்தமாமே?"
ஓம்.
"அப்போ?"
இன்னும் போய்ச் சேரவில்லை.

தட்டெழுத்து நிற்கிறது.
நீதிபதி நாட்காட்டியைப் புரட்டுகிறார்:
நாலு மாதத் தவணை.

வெளிப்படிக்கட்டில் இருந்து
கோப்பின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்க்கிறேன்.
நாளுக்குப் பத்துச் சென்ரிமீற்றர்.
நூற்றிருபது நாள்.
நஸீஹாவின் வேலி தாண்டிச் சோமலதாவின் கிணறு
பதினொரு மீற்றர்.