ஒருவரையே குறிக்கும்

ராதாபுரம் தாலுகா ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதி என்னுடையது.
பிரமாணப் பத்திரம் ஒன்று நூற்றைம்பது,
முத்திரைத்தாள் தனி.
கூத்தங்குழியிலிருந்து பஸ் பிடித்து வந்த வியாகுலம்
துணிப்பையைக் கவிழ்த்தாள்.
ஒரே ஆளுக்கு ஐந்து பெயர்.

ஞானஸ்நான ஏட்டில் தக்கோஸ்தா.
மாமனார் எழுதிக்கொடுத்த மனைப் பத்திரத்தில் கோஸ்தான்.
ரேஷன் அட்டையில் காஸ்டா.
வாக்காளர் பட்டியலில் கோட்டா;
எந்தக் கோட்டா என்று கேட்டுச் சிரித்தாராம்
ஒரு கிளார்க்.
கப்பல் கம்பெனித் தாளில் ஆங்கிலத்தில்,
எண்ணினால் ஐந்தே எழுத்து.
சம்பளம் வந்தது அந்தப் பெயருக்குத்தான்.
இனி வரவேண்டிய பணமும்.

"கப்பல்லயா இருக்காரு?"
"இருந்தாவ."
ஃபேனைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பினேன்.

அவளாகவே சொன்னாள்.
ஜெனோவாவில் பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி
சட்டென்று தன் நெஞ்சைத் தொட்டானாம்.
சட்டையில் குத்தியிருந்த பட்டையில்
அதே ஐந்து எழுத்து.
கடுங்காப்பி வாங்கிக் கொடுத்து
நாம் சொந்தமா என்று கேட்டானாம்.
அவன் தெருவில் பல் டாக்டர் ஒரு கோஸ்தா,
சவப்பெட்டி செய்கிறவன் ஒரு கோஸ்தா,
இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

"கரைன்னு அர்த்தமாம், அண்ணாச்சி.
அவ்வளவுதானாம்."

அப்படியென்றால் ஒரு வித்தில் முளைத்ததில்லை அது.
கடல் தொட்ட இடத்திலெல்லாம் எவனோ ஒருவன் குடியிருந்திருப்பான்,
மேட்டுச் சந்தைக்கு மீன் கொண்டு வந்திருப்பான்,
வரி எழுதுகிறவன் பெயர் கேட்கச் சோம்பி
கரைக்காரன் என்று எழுதியிருப்பான்.
இவள் வீட்டுக்கு வந்தது வேறு வழி:
பறங்கி ஒருவன் ஞானத்தகப்பனாக நின்று
உச்சந்தலை ஈரம் காயுமுன்னே கொடுத்துவிட்டுப் போனான்,
ஏற்கெனவே கரையில் இருந்தவர்களுக்கு
கரை என்றொரு பெயர்.

மலைச் சரிவுக்கும் அங்கே அதே சொல்தானாம்.
களக்காட்டு மலையடியில் பிறந்த எனக்கு
அப்பாவின் முதலெழுத்து ஒன்றுதான்.
மகன் பிறந்ததும் அதுவும் உதிர்ந்துபோச்சு.

அடித்தேன்:
மேற்படி பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கும்,
அவர் என் கணவர்,
வேறு எவரையும் குறிக்காது.

கடைசி வரியில் விரலை வைத்தாள் வியாகுலம்.
"அது பொய்யில்லா?"
காப்பி வாங்கிக் கொடுத்தவனை நினைத்தாளோ என்னவோ.
சட்டத்துக்கு அப்படித்தான் எழுதணும் என்றேன்.

திரையில் ஐந்து பெயருக்கும் அடியிலே
தப்பு என்று சிவப்புக் கோடு போட்டது கம்ப்யூட்டர்,
வளைந்து வளைந்து, அலை மாதிரி.
"இது பேப்பர்ல விழுமா?"

விழாதும்மா என்றேன்.