மிச்சக் காசு

கிளினிக் கொப்பியில் சிவப்புப் பேனையால்
எட்டு தசம் ஆறு என்று எழுதி
சுற்றி ஒரு வட்டமும் போட்டா மிட்வைஃப் மிஸ்.
"கீரை சாப்பிடுறீங்களா?"
"நாள் தவறாம" என்றாள் துஷாந்தினி,
என்னைப் பாராமல்.
"ஆரு சமைக்கிற?"
களுவாஞ்சிக்குடியில் அன்றைக்கு
வாங்கு நிறையப் பெண்கள்.
நான் ஒருவன்தான் கை உயர்த்தினேன்.

மூன்றாம் மாதம் தொடங்கி
தாளிக்கிற மணம் பட்டாலே
அவள் கிணற்றடிக்கு ஓடுகிறாள்.
டிப்போவில் கணக்கு ஒப்படைத்துவிட்டு வந்து
குசினிக்குள் இறங்கியவன் நான்.

"எப்படிச் சமைக்கிற, சொல்லுங்க."
சொன்னேன், தொழில் தெரிந்தவனின் பெருமையோடு:
பொன்னாங்காணியை நூல் நூலாக அரிவேன்,
அரிந்ததை மூன்று தண்ணியில் அலசுவேன்,
கொதிக்கவிட்டு, வடித்து, பிழிந்து
"வடிச்ச தண்ணி?"
வாழைக்கு.
"வாழை எப்படி?"
குலை தள்ளி
முட்டுக் கொடுத்து நிற்கிறது, மிஸ்.

வாங்கு முழுவதும் சிரித்தது.
மிஸ் சிரிக்கவில்லை.
"அதுக்கு ரத்தம் பாத்தா
பதின்மூண்டு இருக்கும்."

கல்முனை தொடங்கி மட்டக்களப்பு மட்டும்
ரெண்டு ரூபாய் மிச்சத்தையும்
டிக்கட்டின் முதுகில் எழுதிக் கொடுக்கிறவன் நான்.
இறங்கிப் போனவரைக் கூப்பிட்டு எண்ணிக் கொடுத்திருக்கிறேன்,
ஆரையம்பதியில், மழைக்குள்.
வீட்டில் மட்டும்
எத்தனை மாதம்
டிக்கட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு
மிச்சத்தைப் பின்கதவால் ஊற்றியிருக்கிறேன்.

இப்போது
முதலில் கழுவல், பிறகுதான் கத்தி.
பூசணிக்குத் தோல் சீவுவதில்லை.
துண்டுகள் பெரிசு பெரிசு.
வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த கிருபைராணி அக்கா
"இது கறிக்கா, அடுப்புக்கா" என்றா.
முருங்கை இலைக்குத் தண்ணியே விடுவதில்லை,
இலையில் ஒட்டியிருக்கும் ஈரம் போதும்.
மூடியை வைத்து
கல்லாற்றுப் பாலம் ஏறி இறங்கி
அடுத்த தரிப்பிடம் வருகிற நேரம் எண்ணுவேன்.
தாச்சி விளிம்பில் அகப்பையால் ஒரு தட்டு:
இறக்கம்!
தேங்காய்ப்பூ, வெங்காயம்,
அடுப்பு அணைந்த பிறகு தேசிக்காய்.
பச்சை பச்சையாகவே இருக்கிறது.
முன்பெல்லாம் அது
என் காற்சட்டை நிறத்தில் இருக்கும்.

தேத்தண்ணிதான் கஷ்டம்.
சோற்றுக் கை காய முன்னமே
பிளேன்டீ கேட்கிறவள்.
சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போகட்டும் என்றதை
மிஸ் சொன்னால் புத்தி, நான் சொன்னால் சண்டை.
கோப்பையைப் பீரிசால் மூடி வைத்துவிட்டு
மணிக்கூட்டுக்கு முன்னால் இருக்கிறாள்,
வராத பஸ்ஸுக்கு நிற்பதுபோல.
நானும் குடியாமல் பக்கத்தில்.
நேரம் போகப் பிள்ளைக்குப் பேர் தேடுகிறோம்.
நான் சொல்லுகிற பேரெல்லாம்
பஸ் நிற்கிற இடம் மாதிரிக் கேட்கிறதாம்.

நேற்று ஒன்பது தசம் மூன்று.
வட்டம் இல்லை.
"இன்னும் காணாது" என்று மட்டும் சொல்லி
அடுத்த பேரைக் கூப்பிட்டா.

வந்து வாழையடியில் நின்றேன்.
குலை முற்றிவிட்டது. அடியில் ரெண்டு குட்டி.
வெறுந்தண்ணி ஒரு வாளி ஊற்றினேன்.
இத்தனை நாள் வாங்கி வைத்துக்கொண்டதை
சீப்புச் சீப்பாகத் தரப்போகிறது,
என்னைப்போல் டிக்கட்டின் முதுகில் எழுதாமல்.

தோலை எறியலாமா என்று
மிஸ்ஸிடம் கேட்கவேண்டும்.