தொப்பிப் பக்கம்

முப்பத்தெட்டு யூரோ.
வுப்பர்டாலில், தொங்கு ரயில் நிலையத்துப் படிக்கட்டின் கீழே
ஹோல்கர் என்கிற ஆள் அதைக்
கம்பளிக் காலுறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.
என் உள்ளங்கை அகலம்தான் அந்த அம்ப்ளிஃபயர்.
"வேலை செய்யும்" என்றார்.
"திருப்பி எடுக்க மாட்டேன்" என்றார்.
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதை
அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஸ்பீக்கர்கள் இனாம்.
பெரிய குப்பை எடுக்கிற நாளுக்கு முந்தின இரவு
பதினேழாம் இலக்க வாசலில்
மழைக்கு முதுகு காட்டி நின்ற சோடி.
ஒன்றை நான் தூக்கினேன், மற்றதைப் பகீரதன்.
"புதுசாய் ஒன்று வாங்கினால் என்ன?"
மூன்று மாடிக்கும் அதே கேள்வி.
நான் படிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

செத்துப்போன லாப்டாப்பின் சார்ஜரைக் கொடுத்தேன்,
பத்தொன்பது வோல்ட்.
பச்சை விளக்கு எரிந்தது.
வலது பேசியது.
இடது, வரம் தராத சாமி.

பல் கட்டும் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை.
மில்லிமீட்டரைப் பத்தாய் வகுத்து
அதில் ஒன்றுக்குச் சம்பளம் வாங்குகிற கை.
உள்ளே வரும் வயர்களை மாற்றிப் போட்டேன்: இடது ஊமை.
ஸ்பீக்கர்களை மாற்றிப் போட்டேன்: அப்போதும் இடது ஊமை.
அப்படியென்றால் கள்ளன் பெட்டிக்குள்.
நாலு திருகாணி கழற்றி
பூதக்கண்ணாடியை இறக்கினால்
ஒலி கூட்டும் குமிழின் காலடியில்,
ஈயத்தைச் சுற்றி, மயிரிழை அகலத்தில் ஒரு வளையம்.
ஒட்டியிருப்பதாய் நடித்துக்கொண்டிருந்த ஒட்டு.
ஹோல்கருக்கு மனதுக்குள் நாலு வார்த்தை,
பற்றவைக்கும் இரும்பால் இரண்டு நொடி.
ஈயம் ஒருதரம் மினுங்கிப் படுத்தது.

இடதும் வாய் திறந்தது.
கூடவே ஓர் இரைச்சல், சுவருக்குள் குளவி கட்டினதுபோல.
பாட்டு வருகிற கணினியின் சார்ஜரைப் பிடுங்கினேன்.
குளவி போய்விட்டது.
பற்றரி உள்ளவரைக்கும் கேட்கலாம், சரி,
நாங்கள் என்ன விடியவிடியவா கேட்கப்போகிறோம்.

ஹம் தேரன்று சின்ன ரெக்கார்டரில் பிடித்த தவிலைப் போட்டேன்.
வலந்தலையில் விரல்கள் பொரிந்தன.
தொப்பிப் பக்கத்தைக் காணவில்லை.
கழி விழுகிறது, அடி விழவில்லை.
நாதஸ்வரமோ அறையில் எங்கும் நிற்காமல்
என் இரண்டு காதுக்கும் வெளியே அலைந்தது.
பேஸைக் கூட்டினேன்.
ஸ்பீக்கரை மூலைக்குத் தள்ளினேன்.
கீழே அட்டை வைத்தேன், அட்டையை எடுத்தேன்.
மூன்று இரவு.

நாலாம் நாள் நாங்கள் கதைக்கவில்லை.
காரணம் அவருடைய தங்கையின் பிறந்தநாள்;
அது வேறு கவிதை.
சாப்பிட்ட கோப்பையை வைத்துவிட்டு
கைபேசி வெளிச்சத்தோடு ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்தவர்
சுவரிடம் சொன்னார்:
"இதில் யாரோ சிவப்பில் கறுப்பைப் பூட்டியிருக்கினம்."

யாரோ.
மாற்றிப் போட்டுத் திரும்பக் கொழுவின அன்று
இந்த வீட்டில் வேறு யார் இருந்தது?

ஒன்று காற்றைத் தள்ளும்போது
மற்றது இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.
இரண்டிலும் பழுதில்லை.
இரண்டும் முழுமூச்சாய்த்தான் உழைத்தன.
நடுவில் இருந்த கதிரைக்கு மட்டும்
ஒன்றும் வந்து சேரவில்லை.

நகம் வெட்டின விரலால் அவர் வயரைக் கழற்ற,
நான் வெளிச்சம் பிடித்தேன்.
கறுப்பில் கறுப்பு. சிவப்பில் சிவப்பு.

முதல் அடி
அலுமாரிக் கண்ணாடிக் குவளைகளில் கேட்டது.
இரண்டாவது என் முழங்காலில்.
பத்து மணி தாண்டிப் பத்து நிமிடம்.
கீழ்வீட்டு ஃபிராவ் கெஸ்ஸல்ஹூட்
தும்புத்தடியால் கூரையில் இடித்தார்,
தும், தும், தும்,
ஒன்றுகூடத் தாளம் தப்பவில்லை.

முதலில் சிரித்தது பகீரதன்.
நான் ஒலியைக் குறைத்தேன்,
கொஞ்சம்.